நல்ல புட்போல் கொலேஜ் எதுண்ணே?

போட்டோகொப்பி கடையில வேலை பாக்குறவனுக்கு ஊர்ல உள்ள அத்தன புள்ளைங்க ரிசல்ட்டும் தெரியும், ஆனா அவன் ரிசல்ட்ட மட்டும் யாரும் கேட்டுறக் கூடாது.

எங்க கடை பதுளை பஸ் ஸ்டேண்டுக்கு மேல, படி ஏறுனா மொத கடை. பதினோராம் வகுப்பு ஓ.எல். ரிசல்ட் வந்துச்சுன்னா ரெண்டு வாரத்துக்கு எங்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. அதுக்கு மேல ஏ.எல். படிக்க எந்த கொலேஜுக்குப் போறதுன்னு விண்ணப்பப் பாரம் நெரப்ப ஹாலிஎல, வெலிமடைன்னு எல்லாப் பக்கத்துலருந்தும் வந்து குமிஞ்சிருவாங்க. பாரத்துல விருப்ப வரிசைப்படி மூணு கொலேஜ் எழுதணும். அந்த மூணு எதுன்னு வீட்டுலயே பேசிட்டு வந்தா என்னங்க? வர மாட்டாங்க. எங்க கவுண்டர்ல கைய ஊனிக்கிட்டுத்தான் அப்பாவும் மகனும் சண்டை போடுவாங்க. கவுண்டருக்கு உள்பக்கம் நின்னு சோறு திங்கிற எல்லாருக்கும் நான் படுற பாடு வெளங்கும்.

இந்த வருஷம் கூடுதலா ஒரு தலைவலி. மழையில சட்ட காயலன்னு ஒருநாள் என் பழைய கொலேஜ் ஜெர்சியப் போட்டுக்கிட்டு கடைக்கு வந்துட்டேன். முதுகுல ஏழாம் நம்பர். பகல் சாப்பாட்டுக்குள்ள பஸ் ஸ்டேண்ட் பூரா பரவிருச்சு: அந்தக் கடையில ஒரு புட்போல் பிளேயர் இருக்கான், எந்த கொலேஜ் நல்லதுன்னு கேட்டா சொல்லுவான்.

ஏழாம் நம்பர்

உண்மையச் சொல்லிர்றேன். ஓ.எல். எழுதின வருஷம் அந்த கொலேஜோட மெட்ச் ஒண்ணு பாக்கப் போனேன். பந்து எந்தப் பக்கம் போச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. நான் பாத்ததெல்லாம் ட்ரம் அடிச்சு ஊதுற பப்பரே பேண்டு, கொடி, லொறி மேல ஏறி ஆடுறவனுங்க, தொண்ட கிழியக் கத்துறவனுங்க. இந்த கொலேஜ்ல சேந்தா நமக்கும் இப்பிடிக் கத்துவாங்கன்னு நெனச்சேன். சேந்தேன். டீம்ல உள்ளவனுங்க எல்லாம் ஆறாம் வகுப்புலருந்து ஒண்ணா ஆடுறவனுங்க. பீ.டி. சார் என்னைய பத்து நிமிஷம் ஓடவிட்டுப் பாத்தாரு. அப்புறம் ஒரு ட்ரம்மக் கொண்டாந்து கழுத்துல மாட்டிவிட்டாரு.

ரெண்டு வருஷம் அடிச்சேங்க. ஏழாம் நம்பர் ஜெர்சியும் பிளேயருக்குக் குடுத்தது இல்ல, கத்துறவனுங்க எல்லாருக்கும் ஏழுதான். படிப்புல நான் எந்தப் பக்கம் ஓடுறேன்னு எனக்கே தெரியல. ஏ.எல். சோதனை வர்றதுக்கு முன்னாடியே வெளிய வந்துட்டேன். இந்தக் கதைய எங்க கடையில டைப் பண்ற ரஞ்சனி அக்காகிட்ட மட்டும்தான் சொன்னேன். கீபோர்டுலருந்து கைய எடுக்காமயே சொன்னாங்க: "கொலேஜத்தான்டா நீ விட்டுட்டு வந்திருக்க, சத்தத்தக் கையோட கூட்டிட்டு வந்துட்ட."

வெலிமடை அம்மா

லீக்ஸ் கட்டு ஒண்ண கவுண்டர்ல வச்சிட்டு ஒரு அம்மா நின்னாங்க. பின்னாடி மகன், போனுக்குள்ள தலைய விட்டுக்கிட்டு.

"தம்பிதானே அந்த பிளேயரு? மகனுக்கு நல்ல புட்போல் கொலேஜா சொல்லுங்க."

"தம்பி எங்கம்மா ஆடுறாரு? ஃபோர்வேட்டா, டிஃபென்ஸா?"

அம்மா மகனப் பாத்தாங்க. மகன் போனப் பாத்தான். நான் லீக்ஸப் பாத்தேன்.

"வீட்டுலருந்து கடைக்குப் போகச் சொன்னாலே முச்சக்கர வண்டி கேப்பான் தம்பி. அவன் எங்க ஆடுறது?"

"அப்புறம் எதுக்கும்மா புட்போல் கொலேஜு?"

நான் கேட்டது ஏதோ கேக்கக் கூடாத கேள்வி மாதிரி, அந்த அம்மா லீக்ஸ் கட்ட என் பக்கம் தள்ளிவிட்டு வெளக்கமா சொன்னாங்க: "ஆடுறதுக்கு இல்ல தம்பி, பாக்குறதுக்கு, நல்லா பாக்குற மாதிரி ஒரு கொலேஜா எழுதுங்க."

ஓடைக்கு எறங்குறவ

திங்கக்கெழம பவித்ரா வந்தா. ஹாலிஎலைக்கு மேல ஒரு தேயிலைத் தோட்டத்துப் புள்ள. தனியா வந்திருந்தா, கையில மடிச்ச பாரம். வெள்ளிக்கெழமையோட பாரம் முடியுது. "பொம்பளப் புள்ளைங்களுக்கு புட்போல் டீம் உள்ள கொலேஜ் எதுண்ணே? நான் கோல்கீப்பர்"னு கேட்டா. அன்னைக்கு அது எனக்கு பதினேழாவது புட்போல் கேள்வி. "இருக்கே, டீவியில பாத்திருக்கேன்"னேன். அவ சிரிக்கல. சிரிக்காத கஸ்டமர்னா எனக்கு பயம். ரஞ்சனி அக்கா வேற கண்ணாடிக்கு மேலால மொறைக்கிறாங்க.

சரின்னு உக்கார வச்சு வெவரம் கேட்டேன். அவங்க தோட்டத்து கிரவுண்டு சரிவுல இருக்கு. கீழ்ப்பக்கத்துக் கோல்ல எப்பவும் இவதான். கோலுக்கு வல கெடையாது. பின்னாடி தேயிலை, அதுக்குக் கீழ ஓடை. பந்து உள்ள போச்சுன்னா ஓடையிலதான் போய் நிக்கும், யாரு விட்டாங்களோ அவங்கதான் எறங்கிப் போய் எடுக்கணும். கிரவுண்டுக்கு மேல மலையில கொழுந்து எடுக்குற பொம்பளைங்க இருப்பாங்க. இவ பந்தப் புடிச்சா அங்கருந்து கத்துவாங்களாம். "கொலேஜ்லயும் கத்துறதுக்கு ஆளு இருந்தா நல்லாருக்கும்ணே"ன்னா. "நீ அவ்வளவு நல்லா புடிப்பியா?"ன்னு கேட்டேன். பெருமையெல்லாம் இல்லாம கணக்கு சொல்ற மாதிரி சொன்னா: "கெட்டிக்காரின்னு இல்லண்ணே, விட்டா நான்தானே ஓடை வரைக்கும் எறங்கணும்."

ஒரு போன் கோல்

செவ்வாக்கெழம பூரா கடை போன எடுத்து ஒவ்வொரு கொலேஜா கூப்புட்டேன். ஒண்ணு எடுக்கல. ஒண்ணு எடுத்து, "பிறகு எடுங்க"ன்னு வச்சிருச்சு. மூணாவதுல ஒரு ஒபீஸ் ஐயா, யாழ்ப்பாணத்துக்காரரு. பேச்சு அவ்வளவு மரியாதை. பொம்பளப் புள்ளைங்க புட்போல் டீம் இருக்கான்னு கேட்டேன். "ஓம், விளையாட்டு இருக்கு"ன்னாரு. நான் குதிச்சிட்டேன். "டீம் இருக்கா சேர்?" "ஓம், டீமும் இருக்கு." "கோல்கீப்பர் வேணுமா சேர்?" "கோலுக்கு எறியிற பிள்ளையள் எண்டால் வேணும்." எறியிறதா? மெதுவா கேட்டேன், சேர், இது புட்போலா, நெட்போலா? நான்தான் ஏதோ சின்ன விஷயத்துல அடம் புடிக்கிற மாதிரி அவரு பொறுமையா சொன்னாரு: "தம்பி, எங்களிட்டை வலைப்பந்து இருக்கு, அதிலையும் ஒரு பந்துதானே."

கூட்டம் வருமா சேர்?

புதன்கெழமதான் பண்டாரவளையில ஒரு கொலேஜ் மாட்டுச்சு. பீ.டி. சாரே போன எடுத்தாரு. பொம்பளப் புள்ளைங்க டீம் ஆரம்பிச்சு ரெண்டு வருஷமாம், இருந்த ஒரே கோல்கீப்பரும் ஏ.எல். முடிச்சிட்டுப் போயிருச்சாம். "புள்ள ஆடுற வீடியோ இருந்தா அனுப்புங்க, பாத்துட்டு நானே அதிபர்கிட்ட பேசுறேன்"னாரு. பவித்ராவோட கூட்டாளி எடுத்த வீடியோ ஒண்ணு இருந்துச்சு. கடை போன்லருந்தே அனுப்பினோம். அஞ்சு நிமிஷத்துல திரும்ப எடுத்து, மொத விருப்பமா எங்க கொலேஜப் போடச் சொல்லுங்கன்னாரு. பவித்ராவோட கேள்வி ஒண்ணு மிச்சம் இருந்துச்சு, அதையும் கேட்டுத் தொலைச்சேன்: மெட்ச்சுக்குக் கூட்டம் வருமா சேர், கத்துவாங்களா? அவரு சொன்னாரு: "கிரவுண்டு வாட்ச்சர் வருவாரு தம்பி, மழன்னா அவரும் வர மாட்டாரு."

அப்பாவோட ரகசியம்

இனி அப்பா கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. வெள்ளிக்கெழம காலையில அவரே வந்தாரு. செல்வராஜு, தோட்டத்து ஃபெக்டரியில வேல. கையெழுத்துப் போட்ட பாரத்த நீட்டுனாரு, ஆனா கைய விடல. குனிஞ்சு மெதுவா சொன்னாரு: "தம்பி, பண்டாரவளைய மூணாவதாக்கிட்டு, ஹாலிஎல ஸ்கூல மொதல்ல போட்டுருங்க. புள்ளைக்குத் தெரிய வேணாம்."

எனக்கு வந்துச்சே ஆத்திரம். ரெண்டு நாளு போன்ல தொண்ட வத்துனது நானு. "ஏன்யா, அங்க அவ சித்தி வீடு இருக்குன்னு சொன்னாளே?"

"சித்தி இருக்கா. ஆனா பந்து வெளையாட்டுன்னு அவ்வளவு தூரம் அனுப்பி, நாளைக்கு படிப்பும் இல்லாம வெளையாட்டும் இல்லாம வந்து நின்னா?"

கவுண்டருக்குப் பின்னாடி அதேமாதிரி ஒண்ணு ஏழாம் நம்பர் போட்டுக்கிட்டு நிக்குதே! ரஞ்சனி அக்காதான் கேட்டாங்க, "ஐயா, புள்ள ஆடுறத ஒரு தடவையாவது பாத்திருக்கீங்களா?" "எங்கம்மா, அந்த நேரம் ஃபெக்டரிக்குள்ள இருப்பேன்." அக்கா கடை போன எடுத்து வீடியோவப் போட்டுவிட்டாங்க.

மொத பந்து, பவித்ரா பாஞ்சு விழுந்து புடிக்கிறா. மேல மலையிலருந்து கூட்டமா ஒரு கூச்சல். ரெண்டாவது பந்து, கால்ல தட்டி விடுறா. இந்தத் தடவ கூச்சலுக்கு மேலால ஒரே ஒரு பொம்பள கொரல், "விடாதடி! விட்டா நீதான்டி எறங்கணும்!"னு மலையே அதிருற மாதிரி. செல்வராஜு ஐயா போனக் காதுல வச்சுக்கிட்டாரு. திரும்பப் போடச் சொன்னாரு. மூணு தடவ கேட்டாரு. மகளப் பாக்கவே இல்ல, அந்தக் கொரலத்தான் கேட்டாரு. பொறகு பாரத்துலருந்து கைய எடுத்தாரு. "எழுதின மாதிரியே இருக்கட்டும்"னாரு. படி எறங்குறதுக்கு முன்னாடி திரும்பி ஒண்ணு சொன்னாரு: "வீட்டுல என்னைய மட்டுந்தான் என் பொஞ்சாதி இப்பிடிக் கத்துறான்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன் தம்பி."

பதினோரு பேரு

ரெண்டு மாசம் கழிச்சு பண்டாரவளையில பவித்ராவோட மொத மெட்ச். வாட்ச்சர் மட்டும் இருந்தா பாவம்னு, பழைய ட்ரம்மத் தேடி எடுத்துக்கிட்டு கோச்சி ஏறுனேன். ஹாலிஎல ஸ்டேஷன்ல பாத்தா, காலையில பெரட்டுல பேர் குடுத்துட்டு மலைக்குக் கொழுந்து எடுக்கப் போக வேண்டிய பொம்பளைங்க பதினோரு பேரு பிளேட்ஃபார்ம்ல நிக்கிறாங்க, பவித்ராவோட அம்மா முன்னால. சரியா ஒரு டீம். செல்வராஜு ஐயா ரெண்டு பெட்டி தள்ளி ஏறுனாரு, இவங்கள முன்னப்பின்ன தெரியாத மாதிரி.

அரை மணி நேரத்துல மூணு கோலு. எல்லாம் எங்க கோல்லதான் விழுந்துச்சு. புடிக்க வேண்டிய பந்தையெல்லாம் பவித்ரா பாத்துக்கிட்டே விடுறா. இடைவேளையில ஓடிப்போய், "என்ன புள்ள ஆச்சு?"ன்னு கேட்டேன். கோலத் திரும்பிப் பாத்துட்டு, "இங்க வல கட்டியிருக்காங்கண்ணே. விட்டாலும் பந்து எங்கயும் போகல. அதான் பயமே வர மாட்டேங்குது"ன்னா. ரெண்டு நாளு போன் பண்ணி, அப்பன சமாளிச்சு, இவளக் கொண்டாந்து சேத்தா, கெடுத்தது ஒரு வலையா? பின்னாடியே வந்த அவ அம்மா என்னைய ஒதுக்கிவிட்டுட்டு, "வல இருக்குன்னா பாக்குற? இன்னொண்ணு உள்ள போகட்டும், இன்னைக்கே கோச்சியில கூட்டிட்டுப் போயி ஓடைக்கு எறக்கிவிடுறேன்"னாங்க.

அதுக்கப்புறம் ஒண்ணு போகலைங்க, ஒண்ணு. கோலுக்குப் பின்னாடி மேட்டுல பதினோரு பேரும் வரிசையா நின்னு கத்துன கத்துல என் ட்ரம் எனக்கே கேக்கல. எதிர் கொலேஜ் கோல்கீப்பர் பந்த விட்டுட்டு மேட்டப் பாக்குறா, எங்களுக்கு ரெண்டு கோலு. செல்வராஜு ஐயா எப்ப மேட்டுக்கு வந்தாருன்னு தெரியல, பொஞ்சாதிக்குப் பக்கத்துல நின்னு கத்திக்கிட்டு இருந்தாரு. மூணுக்கு ரெண்டு, தோத்துட்டோம். தோத்த டீம் மாதிரி யாரும் போகல. கிளம்புற நேரம் பீ.டி. சார் என்னைய ஓரமா கூப்புட்டு, மேட்டக் கைகாட்டி, சிரிக்காமக் கேட்டாரு: "தம்பி, புள்ளைய எடுத்துட்டோம், அந்த அம்மாவுக்கும் ஒரு பாரம் நெரப்ப ஏலுமா?"

ரெண்டு வருஷம் ட்ரம் அடிச்சுப் படிச்சவன் சொல்றேன், நல்லாக் கத்துற கொலேஜ் எதுன்னு கேட்டு இனிமே எங்க கடைப் படி ஏறாதீங்க, கத்துறவங்கள வீட்டுலருந்தே கூட்டிட்டுப் போங்க, கோச்சியில எடம் இருக்கு.