எரிச்சல் நின்றதை வரமென்று நினைத்தேன்

எனக்கு எட்டு வருடமாகச் சர்க்கரை. உள்ளங்கால் ஓயாமல் எரியும். போன வருடம் என் நாத்தனார் ஒரு பொடி டப்பாவோடு வந்தாள். ஊரில் அதை விற்பவளே அவள்தான். "ரத்தக் குழாய அரிக்கிறது ஃப்ரீ ராடிக்கல்ன்ற நச்சுதான் அண்ணி. இது அத்தக் கழுவி உட்டுடும். இன்னும் எதுக்கு மாத்திரைய முழுங்கிக்கினு கீற?" என்றாள். கூடப் பிறந்தவளாக நினைத்து மாத்திரையை விட்டேன்.

சில மாதத்தில் எரிச்சல் நின்றது. வேண்டிக்கொண்டபடி திரௌபதி அம்மனுக்குத் தீ மிதித்தேன். சூடே தெரியவில்லை. தாயின் அருள் என்று அழுதேன். நாத்தனாரோ, "எங்க அண்ணி காலப் பாருங்க, எல்லாம் பொடியோட மகிமை!" என்று கூட்டத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் வீட்டுக்காரர், "இன்னாடி, தரையெல்லாம் ரத்தம்?" என்று பதறினார். தீயில் வெந்து புண்ணான என் கால்தான். எனக்கு வலிக்கவே இல்லை.

"எரிச்சல் நின்னது குணமாகி இல்லம்மா. நரம்பு செத்துப்போச்சு. ரத்தக் குழாயும் அடைச்சிருக்கு" என்றார் டாக்டர். இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

பார்க்க வந்த நாத்தனார், "மாத்திரைய நிறுத்துன்னு நானா சொன்னேன்?" என்று கேட்டாள். அதுதான் வலித்தது.

இப்போது மாத்திரை போட்ட பிறகே அம்மனுக்கு விளக்கேற்றுகிறேன். அந்த வெளிச்சத்திலேயே கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறேன். சகோதரிகளே, காலில் எரிச்சல் தானாக நின்றால் சந்தோஷப்படாதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

- ஒரு வாசகி, உத்திரமேரூர்