கிணற்றடி இத்தா

விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, சுலைகா பால்மாவு டின்னின் மூடியைத் திறந்து ஒரு பேரீச்சங்கொட்டையை உள்ளே போடுகிறாள்.

"எழுவத்தி மூணு" என்கிறாள், நீலத் தொட்டியைப் பார்த்து.

கிணற்றடியில், தகரக் கூரையின் கீழ், செங்கல் அடுக்கின்மேல் இருக்கும் தொட்டி அது. உள்ளே தீப்பெட்டி அகலத்தில் இரண்டு ஏஞ்சல் மீன்கள். பக்கத்து ஆணியில் சிவப்பு வலை. ஹாலில் இருக்கும் கண்ணாடித் தொட்டிக்குப் பச்சை வலை; அது ஹாலுக்குள்ளேயே தொங்கும். இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. நீலத் தொட்டியில் கைவைத்தால், தொழுகைக்கு ஒளு செய்வதுபோல முழங்கை வரை மும்முறை கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குள் காலெடுத்து வைப்பாள். கீழக்கரையில் கிணற்று நீர் உப்பு. குடிக்கக் குடத்தில் வாங்கும் நல்ல தண்ணீரில் பாதி மீனுக்குப் போகிறது.

கணவனை இழந்தவள் யார் கண்ணிலும் படாமல் வீட்டுக்குள் தனித்திருக்கும் நாலு மாதம் பத்து நாளுக்கு அவர்கள் வீடுகளில் இத்தா என்று பெயர். கடையிலிருந்து வரும் புது மீன், பழைய மீனோடு சேருமுன் தனியே கிடக்க வேண்டிய நாள்களுக்கும் சுலைகா அந்தப் பெயரையே வைத்துவிட்டாள். சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வராது. கேட்பவர்களுக்குத்தான் வரும்.

"எந்த மீனோட மாப்பிள்ள மவுத்தாப் போனாரு லாத்தா?" என்பாள் முருகேஸ்வரி. தலையில் அன்னக்கூடையோடு வீடு வீடாகக் கடல்மீன் விற்பவள். "நான் கொண்டாறத வெட்டி ஆணம் காய்ச்சுறிய. இதுக்கு மட்டும் திரை போட்டு காவலா?"

"நாலு மாசம் பத்து நாளா கேக்குறேன்? நாப்பதுதானே. நீ மொதல்ல நகரையக் காட்டு, செவுளு வெளுத்துக் கெடக்கு."

போன் வீடியோவில் மீன் வளர்ப்பைப் பற்றிப் பேசும் ஆள் மூன்று நான்கு வாரம் போதும் என்றுதான் சொன்னார். சுலைகாவுக்கு ஒப்பவில்லை. "புள்ள பெத்தவளுக்கு நாப்பது. மவுத்துக்கு ஓதுறது நாப்பது. மீனுக்கு மட்டும் என்ன குறைச்சலு?"

இந்தக் கறாருக்கு ஒரு காரணம் உண்டு. அவள் கணவர் வாவு முகம்மது ஷார்ஜாவில் ஒரு வீட்டில் இருபத்திரண்டு வருஷம் டிரைவர். காரோடு சேர்த்து அந்த வீட்டு மீன்தொட்டியைக் கழுவுவதும் அவர் வேலை. ஊருக்குத் திரும்பியதும் தனக்கென்று அவர் முதலில் வாங்கியது ஒரு மீன்தொட்டிதான். நான்கு வருஷத்துக்கு முன் விடியுமுன் சுபுஹுத் தொழுகைக்கு எழுந்தவர் அப்படியே சரிந்தார். வலப்பக்கமும் பேச்சும் போய்விட்டன. சுலைகா கட்டிலை ஹாலுக்கு மாற்றி, தலைமாட்டைத் தொட்டிக்கு எதிராகத் திருப்பிப் போட்டாள்.

தொட்டியில் பதினைந்து மீன்கள் இருந்தன. அவர் கண் ஒன்றின் பின்னாலேயே போகும். கறுத்த ஏஞ்சல், செட்டை பாய்போல விரிந்திருக்கும். 'கப்பல்' என்று, பேச முடிந்த காலத்தில் அவரே வைத்த பெயர். கப்பல் இடப்பக்கக் கண்ணாடிக்கு வரும்போதெல்லாம் அவருடைய வலக்கை ஆட்காட்டி விரல் ஒருமுறை எழும்பித் தாழும். பிசியோதெரபிக்கு வந்த பெண் எத்தனை சொல்லியும் எழும்பாத விரல் அது.

இரண்டு வருஷத்துக்கு முன் பெருநாளை ஒட்டி சுலைகா மூன்று கௌராமி மீன் வாங்கி வந்தாள். வந்த வேகத்தில் பெரிய தொட்டியில் விட்டாள். "புதுப்பொண்ண வாசல்ல நிறுத்துவாங்களா?" என்று அவரிடம் சொல்லிக்கொண்டேதான் விட்டாள். ஒரு வாரத்தில் மீன்களின் மேலெல்லாம் உப்புத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளி. அடுத்த பத்து நாளில் பதினேழு மீன்கள் மல்லாந்தன. கப்பல் மட்டும் மிஞ்சியது. அன்றைக்கு வந்ததுதான் நீலத் தொட்டி.

போன வருஷம் கப்பலுக்கு மூப்பு தட்டியது. ஒரே மூலையில் நிற்கும். அவர் கண்ணும் அதே மூலையில் நிற்கும். துணைக்கு ஆள் வந்தால் அது நகரும், அது நகர்ந்தால் இவர் கண் நகரும் என்று சுலைகா கணக்குப் போட்டாள். ராமநாதபுரம் போய் நான்கு குட்டி ஏஞ்சல் வாங்கினாள். மீன் கிடந்த தண்ணீர்ப் பையைப் பிள்ளையைப்போல மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். நீலத் தொட்டியில் விட்டு, டின்னில் நாளுக்கு ஒன்றாக முதல் கொட்டையைப் போட்டாள்.

ஒன்பதாம் கொட்டையன்று குட்டிகளின் மேல் வெள்ளைப் புள்ளி.

அவள் அழவில்லை. "பாத்தியளா மச்சான், இதுக்குத்தான் இத்தா" என்று அவரிடம் பெருமையாகவே சொன்னாள். நீலத் தொட்டிக்கு ஹீட்டர் போட்டாள், கல்லுப்பு கரைத்தாள், மருந்து விட்டாள். ஆனாலும் இரண்டு செத்தன. மற்ற இரண்டும் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடின.

தினமும் காலையில் சுலைகா குர்ஆனின் யாசீன் ஓதி ஒரு தம்ளர் தண்ணீரில் ஊதுவாள். மூன்று கரண்டி கணவர் வாயில். மீதியைப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அவருக்கே. பதினோராம் நாள், கரண்டித் தண்ணீர் கொடுத்து முடித்தவள், தம்ளரோடு கிணற்றடிக்குப் போனாள். உயிருக்கு இழுத்துக்கொண்டு கிடக்கிறதே, அதுவும் அல்லா படைத்ததுதானே. ஓதின தண்ணீர் ஒரு சொட்டும் தரையில் விழக் கூடாது, கால் படும். அதனால் தம்ளரின் விளிம்பைத் தொட்டித் தண்ணீருக்குள் இறக்கிச் சிந்தாமல் சாய்த்தாள். பாதி போனது. தொட்டித் தண்ணீர் கொஞ்சம் உள்ளே வந்தது. அவள் பார்க்கவில்லை.

மிச்சத்தைச் சாக்கடையில் கொட்ட முடியுமா? முழங்கை வரை மும்முறை கழுவினாள். ஹாலுக்கு வந்தாள். "உனக்கு மட்டும் ஏக்கமா இருக்கப்படாது" என்று, பிஸ்மி சொல்லி, கப்பலின் தலைக்குமேல் ஊற்றினாள்.

ஒன்பது நாள் கழித்துக் கப்பல் காற்றுக் குழாயில் விலாவை உரசியது. மறுநாள் கறுத்த செட்டையில் உப்புப் புள்ளி. சுலைகா வலைகளை எண்ணினாள்: சிவப்பு அங்கே, பச்சை இங்கே. கையைப் பார்த்தாள். முருகேஸ்வரியைக்கூடச் சந்தேகப்பட்டாள். அடுத்த நாள் காலை ஓதி முடித்து ஊதக் குனிந்தபோது, வாய்க்கு நேராக இருந்த தம்ளரைக் கண்டாள். நீலத் தொட்டிக்குள் விளிம்பை இறக்கிய அதே தம்ளர்.

நாலாம் நாள் கப்பல் போனது. அவர் கண் எதிரில்தான்.

நீலத் தொட்டிக் குட்டிகள் இரண்டும் பிழைத்துக்கொண்டன. நாற்பது முடிந்தது, ஐம்பது முடிந்தது. பெரிய தொட்டியில் மீனே இல்லாமல் வெறும் தண்ணீர் குமிழி விடுகிறது. இத்தனை நாள் மீனில்லாமல் கிடந்தால் தொட்டியில் நோய் தங்காது, இனி தைரியமாக விடலாம் என்று போன்காரர் சொல்லிவிட்டார். வாவு முகம்மதின் கண் அந்தக் குமிழியில் குத்திட்டு நிற்கிறது. விரல் எழும்பவில்லை.

இன்றும் முருகேஸ்வரி கேட்டாள். "நாப்பதுன்னிய. இப்ப நாலு மாசம் பத்து நாளத் தொட்டுருவிய போல. எடுத்து உள்ள விடுங்க லாத்தா. பாவம், அண்ணன் வெறும் தண்ணியப் பாத்துக்கிட்டுக் கெடக்காரு."

"விடலாம்" என்றாள் சுலைகா. "மீனு சுத்தமாயிருச்சு. தொட்டியும் சுத்தம். இந்தக் கைய எத்தன நாளு இத்தாவுல வைக்கிறதுன்னு எந்த போனும் சொல்லலயே முருகேசு."

முருகேஸ்வரி கூடையிலிருந்து இரண்டு நகரையை அதிகமாக எடுத்துப் போட்டாள்.

வெயில் முற்றத்தில் இறங்கிவிட்டது. சுலைகா ஹாலுக்கு வந்து, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, யாசீன் ஓதித் தம்ளரில் ஊதினாள். மூன்று கரண்டி அவர் வாயில் விட்டாள். மூன்றாவது கடைவாயில் வழிந்தது, முந்தானையால் ஒற்றினாள். நான்காவது கரண்டியை நீட்டினாள். அவர் உதட்டைத் திறக்கவில்லை. கண் குமிழியில் இருந்தது.

மீதித் தம்ளரோடு எழுந்தாள். இந்தப் பக்கம் கண்ணாடித் தொட்டி, அந்தப் பக்கம் கிணற்றடிக் கதவு. நடுவில் நின்றாள். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்து, ஒரு சொட்டும் சிந்தாமல், மிச்சத்தைத் தானே குடித்தாள்.