அறுபத்து நான்காம் பக்கத்து வரி

என் மனைவியின் அண்ணனைப் பற்றிய இக்குறிப்பு, எங்கள் குடும்ப வரலாற்று நூலில் முதலில் ஒரே வரியாக இருந்தது: “கடைசித் தங்கையின் திருமண வேளையில் எவரிடமும் சொல்லாமல் மண்டபத்தை விட்டு வெளியேறினார், காரணம் தெரியவில்லை.” எனக்குத் திருமணமான நாள்முதல், இருபத்திரண்டு ஆண்டுகளாக, இரு வீட்டுப் பிறப்பு, இறப்பு, சண்டை, சமாதானம் அனைத்தையும் தேதியோடு எழுதிவருபவன் நான். அவ்வரியின் துல்லியத்தில் எனக்குப் பெருமையும் இருந்தது. கண்ணால் கண்டதை எழுதினேன். நேரத்தைக்கூடக் குறித்திருந்தேன், பத்து ஐந்து.

மைத்துனர் அச்சு இயந்திரம் ஓட்டுபவர். முப்பத்தோரு ஆண்டுகளாக ஒரே அச்சகம். காகிதத்தை இரு விரல்களுக்கிடையில் தேய்த்தே அதன் கனத்தைச் சொல்லிவிடுவார். குடும்பப் புகைப்படங்களில் எப்போதும் ஓரத்தில் நின்று பாதித் தோளை வெளியே விட்டுவிடுவார்.

எங்கள் நூலும் அவர் கையாலேயே அச்சேற வேண்டியிருந்தது. அச்சேறும் நாளன்று காலை, அறுபத்து நான்காம் பக்கத்தின் பிழை பார்ப்பதற்கான சோதனைத் தாளைப் படித்துவிட்டு என்னிடம் வந்தார்.

“மாப்பிள்ளை, அந்த ஒரு வரி வேண்டாமே. என் பொண்ணு முதல்ல தேடிப் படிக்கப்போறது அப்பா பேரைத்தான்.”

“காரணம் இருந்தா சொல்லுங்க மச்சான், சேர்த்துடறேன். ஆதாரமில்லாம ஒரு வரியை எடுக்கறது என் வழக்கமில்லை.”

“காரணமெல்லாம் எதுக்கு. விடுங்க, ஓட்டிடறேன்.”

உருளைகளைத் துடைக்கப் போய்விட்டார். தம்மைப் பற்றிய அந்த வரியை, உணவு வேளைக்குப் பின் தாமே நானூறு படிகள் ஓட்டவேண்டும். அது எனக்கு உறைக்கவில்லை. நானும் ஒரு துணியை எடுத்து உருளை துடைக்க உதவினேன். அதையே பெரிய கருணையாக நினைத்துக்கொண்டேன்.

உணவுக்கு மூவரும் காகிதக் கட்டுகளின்மேல் அமர்ந்தோம். மூன்றாமவர் பைண்டர்; புத்தகங்களைத் தைத்து அட்டை கட்டுபவர், எங்கள் இருவருக்கும் பழைய நண்பர். தாம் தைத்துக்கொண்டிருந்த புதிர்ப் புத்தகத்திலிருந்து ஒன்றை எடுத்துவிட்டார்.

“மூணு பேர் எதிரெதிரா உட்கார்ந்திருக்காங்க. மூணு பேர் மூஞ்சியிலயும் கரி. தன் மூஞ்சி தனக்குத் தெரியாது. தொட்டுப் பார்க்கக் கூடாது. எதிர்ல யார் மூஞ்சியிலயாவது கரி தெரிஞ்சா கையைத் தூக்கணும். மூணு பேரும் தூக்கிட்டாங்க. தன் மூஞ்சியிலயும் இருக்குன்னு யோசிச்சே நிரூபிக்கிறவன் எழுந்து போய்க் கழுவலாம். எப்படி நிரூபிப்பான்?”

“விடை என்ன?” என்றேன்.

“விடைப் பக்கம் இன்னும் அச்சாகலை, பதிவாளரே. ஆடித்தான் பார்க்கணும். இங்க மைக்கா பஞ்சம்?”

மைத்துனரின் நெற்றியில் ஒரு தீற்றல். பைண்டரின் மூக்கில் கட்டைவிரல் அகலத்துக்கு மை. மூவரும் கை தூக்கினோம். என் முகம் சுத்தம் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. கைக்குட்டையின் மடிப்புக்கூடக் கலையாதவன் நான். ஆயினும் முறை வழுவலாகாது என்று குறிப்பேட்டைத் திறந்து, ‘சாட்சி ஒன்று’, ‘சாட்சி இரண்டு’ எனப் பத்தி பிரித்தேன். சாட்சிகள் இருவரும் என்னைப் பார்த்தே சிரித்துக்கொண்டிருந்ததை ஏனோ குறிக்கவில்லை.

சற்று நேரத்தில் மைத்துனர் எழுந்தார்.

“என்ன மச்சான், குத்துமதிப்பா?”

“இல்லை. என் மூஞ்சி சுத்தமா இருந்தா, பைண்டர் கண்ணுக்கு உங்க மை மட்டும்தான் தெரியும். நீங்களும் கை தூக்கியிருக்கீங்க. என்னைப் பார்த்துத் தூக்கலைன்னா அவனைப் பார்த்துத்தானே? அது அவனுக்குப் புரிஞ்சு எப்பவோ எழுந்து போயிருப்பான். போகலையே. சும்மா உட்கார்ந்திருக்கானே, அதான் துப்பு.”

பைண்டரும் தலையாட்டியபடி எழுந்தார். “நீங்க எழுதிட்டிருங்க பதிவாளரே, அவசரமில்லை.”

தொட்டிக்கு மேலிருந்த கண்ணாடியில் பார்த்தேன். காதிலிருந்து தாடைவரை ஒரே கருப்பு. மண்ணெண்ணெய்த் துணியால் தேய்க்கும்போது அவர் சொன்னதே திரும்பத் திரும்ப வந்தது: சும்மா உட்கார்ந்திருந்ததுதான் துப்பு. ஒரு குடை காணாமற்போனாலே வீட்டைத் தலைகீழாக்கும் குடும்பம் இது. மணப்பெண்ணின் அண்ணன் எழுந்து போனபோது, அவருடைய அம்மா கேட்கவில்லை, என் மனைவி கேட்கவில்லை, ஒருவரும் கேட்கவில்லை. அதை நான் அக்கறையின்மை என்று தனியே ஒரு குறிப்பாக வேறு எழுதிவைத்திருந்தேன். எல்லோருக்கும் தெரிந்து, எனக்கு மட்டும் சொல்லப்படவில்லை என்றால் மை யார் முகத்தில்?

“பைண்டர், கல்யாணத்தன்னைக்கு மச்சான் எங்க போனார்?”

“வேண்டாம்டா,” என்றார் மைத்துனர்.

“எத்தனை வருஷம்தாண்ணே,” என்று பைண்டர் பரணிலிருந்து ஒரு பழைய கட்டை இறக்கினார். ஒப்புதல் பெற்ற சோதனைத் தாள்களின் கட்டு. அதில் அந்தத் திருமண அழைப்பிதழ். அடியில் ‘சரிபார்த்தேன்’ என்று என் கையெழுத்து, தேதியுடன். மண்டபத்தை மாற்றியிருந்தோம், முகவரி பழையதாகவே இருந்தது. மாப்பிள்ளை வீட்டாரில் பாதிப்பேர் ஊரின் மறுகோடியில் பூட்டிய கதவின் முன் நின்றிருக்கிறார்கள். மைத்துனர் அச்சக வேனில் மூன்று நடை போய் அழைத்துவந்திருக்கிறார். தங்கையின் திருமணத்தை அவர் பார்க்கவே இல்லை.

“அப்பவே சொல்லியிருக்கலாமே மச்சான்.”

“உங்களுக்குக் கல்யாணமாகி ஆறு மாசம். புது மாப்பிள்ளை எல்லார் முன்னாலயும் தலைகுனியணுமா? நான்தான் எல்லாரையும் வாயை மூடச் சொன்னேன்.”

இயந்திரத்தை நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டு, அந்தக் காகிதக் கட்டின்மேலேயே அமர்ந்து இதை எழுதினேன். மைத்துனர் படித்துவிட்டுத் தாளை இரு விரல்களுக்கிடையில் தேய்த்தார்.

“ஒரு வரியை எடுக்கச் சொன்னா ரெண்டு பக்கம் எழுதியிருக்கீங்க. காகிதம் பத்தாது.”

“வாங்கித் தரேன் மச்சான்.”

“சரி. கையெழுத்துப் போடறதுக்கு முன்னால பைண்டர்கிட்ட ஒருதடவை காட்டிடுங்க.”

காட்டினேன். இரண்டு பிழைகள் கண்டுபிடித்தார்.