வாய்க்காலில் வந்த மருந்து

சேலத்திலிருந்து காலை 6.10க்குப் பேருந்து. தருமபுரி அறுபத்தைந்து கிலோமீட்டர். மடியில் ஐஸ் பெட்டி. உள்ளே பழுப்புக் கண்ணாடிப் புட்டிகள் ஆறு, கையுறை, வெப்பமானி. பெட்டியில் மீன் இருக்கிறதா என்று கேட்டார் நடத்துநர். சாக்கடைத் தண்ணீர் பிடிக்கப் போகிறேன் என்றதும் பெட்டியைத் தள்ளி வைக்கச் சொன்னார்.

8.05. தருமபுரியில் இரண்டு இட்லி, ஒரு டீ. பிறகு நகரப் பேருந்தில் பதினோரு கிலோமீட்டர், பெண்களுக்குக் கட்டணமில்லை. இறங்கிய ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. நகரத்துக் கழிவுநீர் ஒரு வாய்க்காலாக வந்து அங்குள்ள ஏரியில் சேர்கிறது. மக்கள் விழுங்கும் மாத்திரைகளில் உடம்பு ஏற்காமல் வெளியேற்றும் பங்கு அதில் கரைந்திருக்கும். அதை அளப்பது என் வேலை.

9.20. வாய்க்காலில் முழங்கால் உயரத்துக்கு நுரை. தவளைச் சத்தம்கூட இல்லை. கரையில் மல்லிகா அக்கா, மாதையன் தம்பதியின் கீரைப் பாத்திகள் மட்டும் பச்சையாக இருந்தன.

மாதையன் பம்பு செட் நிழலில் உட்கார்ந்திருந்தார். சர்க்கரை நோயாளி, வலது கால் விரலில் புண். போன மாதம் நான் வந்தபோது சிறிதாக இருந்தது, இப்போது பாதத்தின் பாதிவரை கறுத்திருந்தது. விரலை மட்டும் எடுப்பதா, பாதத்தையே எடுப்பதா என்று ஆஸ்பத்திரியில் திங்கட்கிழமை பார்த்துச் சொல்வார்களாம். பாதம் போனால் பாத்தியில் இறங்க முடியாது.

அக்கா ஒரு குடம் வாய்க்கால் தண்ணீர் கொண்டுவந்து அந்தக் காலில் ஊற்றப் போனார். கையைப் பிடித்துக்கொண்டேன்.

“போன மாசம் நீங்கதானுங்க சொன்னீங்க, ஊருல இருக்கற மருந்தெல்லாம் இதுல கலந்து வருதுன்னு. வீணா ஏரிக்குத்தானே போவுது? ரெண்டு வேளையும் இதுலதானுங்க கழுவறோம்.”

மாதையன் சிரித்தார். “டோக்கன் இல்ல, வரிசை இல்ல. ஆஸ்பத்திரியே வூடு தேடி வந்துருச்சுங்க.”

சர்க்கரை மாத்திரையையும் நிறுத்தியிருந்தார்.

தண்ணீரில் மருந்து கலந்து வருகிறது என்றுதான் நான் சொல்லியிருந்தேன், சரியாகவே. அது கெட்டது என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்கும் என்று தோன்றவில்லை. இப்போது சொன்னேன்: இது சாக்கடை, புண்ணில் படவே கூடாது. இதிலுள்ள கொஞ்சம் மருந்தில் கிருமி சாகாது, பழகிக்கொள்ளும். பிறகு ஆஸ்பத்திரி மருந்துக்கும் அடங்காது.

மாதையன் குடத்தை விட்டுக் காலை இழுத்துக்கொண்டார்.

“அன்னிக்கே இதச் சொல்லியிருக்கலாமே கண்ணு,” என்றார் அக்கா.

10.05. திங்கள்வரை காத்திருக்க வேண்டாம் என்று ஆட்டோ வரவழைத்தேன். தருமபுரிக்கு முந்நூறு ரூபாய். அது வருவதற்குள் மருத்துவருக்காகக் குறிப்பேட்டில் ஒரு தாள் கிழித்து எழுதினேன். ஒன்று, ஒரு மாதமாகப் புண்ணைக் கழிவுநீரில் கழுவியிருக்கிறார். இரண்டு, மாத்திரை நிறுத்தியிருக்கிறார். மூன்று, தண்ணீரில் மருந்து இருப்பதாக அவர்களிடம் சொன்னது நான். கீழே என் பெயர், கைபேசி எண்.

அக்கா படித்துக் காட்டச் சொன்னார். மூன்றையும் படித்தேன். தாளை மடித்து மருந்துச் சீட்டுப் பைக்குள் வைத்தார். கணவரை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, தானும் ஏறும் முன் திரும்பினார்.

“மூணாவது வேணாங்க. டாக்டரு உங்களத் திட்டுவாரு.”

இருக்கட்டும் என்றேன். ஆட்டோ போன பிறகு வாய்க்காலில் இறங்கி, ஆறு புட்டிகளையும் நிரப்பினேன்.