எங்கள் தெருப் பூச்சாண்டி

போன வாரம் சேலத்தில் தங்கை வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவளுடைய இரண்டு வயதுப் பையன் பருப்புச் சோற்றை வாயில் அதக்கிக்கொண்டு முழுங்க மறுத்தான். நானெல்லாம் அந்த வயதில் கேட்காமலே வாயைத் திறந்தவன். என் வயிற்றைப் பார்த்தாலே தெரியும். செல்போனில் சார்ஜ் தீர்ந்து பொம்மைப் படமும் நின்றுபோனது.

"முழுங்கு சாமி. இல்லீனா பூச்சாண்டி வந்துருவான்" என்றாள் தங்கை.

எடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டுப் பிசைய ஆரம்பித்தேன்.

நெய் விட்ட பருப்புச் சோற்று வாசம் வந்தால் எனக்கு வெண்ணந்தூரில் எங்கள் தெருவின் சாயங்காலம்தான் ஞாபகம் வரும். கையில் கிண்ணமும் இடுப்பில் பிள்ளையுமாகப் பெண்கள் வாசலில் நிற்பார்கள். காக்கா, ஆட்டுக்குட்டி, பஸ் எல்லாம் காட்டியும் பிள்ளை வாய் திறக்காவிட்டால், கடைசியாக எங்கள் அப்பாவைக் காட்டுவார்கள்.

அப்பா ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் இருந்தவர். ஆந்திராவில் ஏதோ ஒரு காட்டில் காற்றுக்குழாய் வெடித்து, ஒரு கண்ணையும் பாதி முகத்தையும் கொண்டுபோய்விட்டது. அதன் பிறகு உள்ளூர் நூல் குடோனில் வேலை.

"அண்ணா, செத்த இப்படி வந்துட்டுப் போங்க. இவன் வாயே தெறக்க மாட்டீங்கறான்."

அப்பாவும் போவார். "சாப்புடு சாமி" என்பார், முடிந்தவரை மெதுவாக. பிள்ளை அலறும். அலறிய வாய்க்குள் சோறு போய்விடும். அவர்கள் சிரிப்பார்கள், அப்பாவும் சிரிப்பார். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. விசேஷம் என்றால் முதல் ஆளாக வந்து எங்களை அழைப்பார்கள். அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

அம்மா தறிக்குப் போகும்போது தங்கையைப் பக்கத்து வீட்டில் விட்டுப்போவாள். அங்கே அந்த வீட்டுப் பையனோடு உட்கார வைத்துத்தான் அவளுக்கும் ஊட்டுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா சோறு பிசைந்து அவளைக் கூப்பிட்டார். அவள் அழவில்லை. மெல்லாமல், வாய்க்கு மேல் வாய் வாங்கி முழுங்கினாள். அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். கிண்ணம் காலியானதும் அவள் கெஞ்சும் குரலில் சொன்னாள்:

"எல்லாம் தின்னுட்டேன். என்னயப் புடிச்சுட்டுப் போயராத."

அப்பா எழுந்து போய் வெகுநேரம் கை கழுவினார். அதற்குப் பிறகு அவளுக்கு ஊட்டவே இல்லை. குடோனுக்குப் பின்சந்து வழியாகவே போனார். தெருப் பெண்கள் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. "அண்ணனுக்குத் திமிரு வந்துருச்சு" என்றார்கள். தங்கை பள்ளிக்கூடம் சேருவதற்கு முன்பே அப்பா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார்.

"ஏண்ணா, சோத்தப் பெசஞ்சுட்டே உக்காந்திருக்கற?" என்று தங்கை கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அவளுக்கு எதுவும் நினைவில்லை. நானும் சொன்னதில்லை, சொல்லப்போவதுமில்லை.

அவள் வீட்டுச் சுவரில் மாலை போட்ட அப்பா படம் இருக்கிறது. அவர் கல்யாணத்தின்போது எடுத்தது, இரண்டு கண்ணும் அடர்ந்த மீசையுமாக இருப்பார். "தாத்தா எத்தன அழகு பாரு" என்று பையனுக்குக் காட்டினாள். விபத்துக்குப் பிறகு அவர் எந்தக் கேமராவுக்கு முன்னாலும் நின்றதில்லை. இப்போது அம்மாவும் இல்லை. எனக்குத் தெரிந்த அப்பாவின் முகம் ஒரு படத்தில்கூட இல்லை.