வேலுவின் முதுகுக்குப் பின்னால்

அன்று வந்தவர்கள் நான்கு பேர். மருந்துக் கடை தினேஷ், செல்போன் கடை பஷீர், கோர்ட்டில் டைப்பிஸ்ட்டாக இருக்கும் சரவணன், நான். வராதவன் வேலு ஒருவன்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேட்டு முடித்ததும் நீ சரியாக எண்ணியிருக்க மாட்டாய் என்று நீங்கள் சொல்லக்கூடும். தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார் நான், நான்கு வரை எண்ணத் தெரியும்.

பேய், ஆவி எதையும் நம்பியவன் இல்லை. எங்கள் வீட்டில் கல்லூரி வரை போன முதல் ஆள் நான்தான், புளியமரத்துப் பக்கம் போகாதே என்று அம்மா சொன்னால் வேண்டுமென்றே அந்த வழியாகப் போய் வந்தவன். இப்போதும் பேய் என்று சொல்லவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

செஞ்சியில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஞாயிறுதோறும் விடிகாலையில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தோம். ஒரு வாரம் தளவானூர், ஒரு வாரம் மண்டகப்பட்டு, ஒரு வாரம் தொண்டூர். ஒருவர் பின்னால் ஒருவராக, சக்கரத்துக்கும் சக்கரத்துக்கும் ஒரு முழம் இடைவெளி விட்டுப் போவோம். முன்னால் போகிறவன் காற்றை முழுக்க வாங்கிக்கொள்வான், பின்னால் வருகிறவனுக்கு மிதிப்பது பாதி சுலபம், அதனால் முறை வைத்து மாற வேண்டும். வேலு மாற விடமாட்டான். நெல் கமிட்டியில் மூட்டை தூக்குகிறவன், கதவு மாதிரி முதுகு. கேரியர் வைத்த பழைய சைக்கிள், அதன் செயின் கவர் நசுங்கியிருக்கும், ஒவ்வொரு சுற்றுக்கும் பெடல் கட்டை அதில் உரசி டக் என்று ஒரு சத்தம் வரும். "நீங்க பின்னால வாங்கடா, காத்த நான் பாத்துக்கறேன்" என்பான். அவனும் நானும் ஒரே தெரு, பத்தாவது வரை ஒரே பெஞ்சு.

ஆனி மாதம் திண்டிவனத்திலிருந்து ஒரு பெரிய குழு எங்களோடு ஓட்ட வருவதாகப் பேச்சு வந்தது. போட்டோவில் லுங்கியும் கேரியர் சைக்கிளும் இருந்தால் நன்றாக இருக்காது என்றான் தினேஷ். நான் மறுக்கவில்லை. நீதான் நல்லா எழுதுவே வாத்தியாரே என்றதும் உட்கார்ந்து எழுதியே கொடுத்தேன். பாதுகாப்பு கருதி அடுத்த வாரம் முதல் கியர் சைக்கிளும் ஹெல்மெட்டும் உள்ளவர்கள் மட்டும் வரவும். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் நான்தான். இத்தனைக்கும் எனக்கு கியர் சைக்கிள் வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது, அதுவரை நைனாவின் ஓட்டை சைக்கிளில் அதே வேலுவின் பின்னால் போனவன் நான்.

வேலு பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் போட்டான். அவ்வளவுதான். பத்து நாளில் சைக்கிளைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டுத் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். திண்டிவனம் குழு கடைசிவரை வரவே இல்லை.

இப்போது அந்த ஞாயிறு. ஆடி மாதம், தொண்டூர் போகும்போது காற்று முதுகில் இருந்தது, பறந்து போனோம். திரும்பும்போது முழுக்க எதிர்காற்று. முறை என்னுடையது, நான் முன்னால். பனை மட்டைகள் சடசடவென்று அடித்துக்கொள்கின்றன, கரும்பு மொத்தமும் ஒரு பக்கமாகப் படுத்துக் கிடக்கிறது, தூரத்தில் ராஜகிரிக் கோட்டை மலை தெரிகிறது, எவ்வளவு மிதித்தாலும் அது கிட்ட வரவில்லை.

நம்பினால் நம்புங்கள், திடீரென்று எனக்கு மட்டும் காற்று நின்றது. கரும்பு படுத்தபடியேதான் இருந்தது, மட்டைச் சத்தமும் ஓயவில்லை, என் சட்டை மட்டும் படபடப்பு அடங்கி உடம்போடு ஒட்டிக்கொண்டது. காற்றில்லாத அந்த இடம் எனக்குத் தெரியும். மூன்று வருஷம் அதற்குள்தான் ஓட்டியிருக்கிறேன். ஆனால் முன்னால் வெறும் ரோடு. பிறகு சத்தம் கேட்டது. டக். கொஞ்சம் விட்டு, டக். என் சைக்கிளில் செயின் கவரே கிடையாது.

பயம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் விலகவில்லை, பழைய பழக்கத்தில் ஒரு முழம் விட்டு ஒட்டியே போனேன். ஊர் எல்லை வந்ததும் காற்று மறுபடி முகத்தில் அறைந்தது, கீழே விழப் பார்த்தேன்.

டீக்கடையில் பஷீர் போனில் வேகத்தைக் காட்டினான். போனதைவிட வந்தது வேகம். "இன்னா வாத்தியாரே, எதிர்காத்துல இந்த இழு இழுக்கற" என்றான். நான் அழுத்தி மிதிக்கவே இல்லை என்றேன். சரவணன் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே, "வேலு முதுகுக்குப் பின்னால வந்த மாதிரியே இருந்துச்சுப்பா" என்றான். அதற்குப் பிறகு நாங்கள் சேர்ந்து ஓட்டவே இல்லை.

மத்தியானம் வேலுவுக்குப் போன் போட்டேன். அவன் போன பிறகு அதுதான் முதல் தடவை. நான் வாயைத் திறக்கும் முன்னால் அவனே கேட்டான்.

"இன்னாடா, காத்து ரொம்ப ஜாஸ்தியா?"

யார் சொன்னது என்றேன். யாரும் சொல்லவில்லை, ஏதோ கேட்கத் தோன்றியது என்றான். "காலைல எழுந்ததுலருந்து தொடை ரெண்டும் கழண்டு போற மாதிரி வலிக்குதுடா. சைக்கிளத் தொட்டே ஒரு மாசம் ஆவுது."

பிறகு, "வேற இன்னாடா?" என்றான்.

அதை எழுதியது நான்தான், வந்துவிடு என்று சொல்லத்தான் போன் போட்டேன். வார்த்தையெல்லாம் தயாராக இருந்தது. "ஒன்னுமில்ல, சும்மாதான்" என்றேன். சரிடா, துணி துவைக்கணும் என்று வைத்துவிட்டான். அடுத்த வாரம் கூப்பிட்டால் அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது. புது நம்பரை அவன் அம்மாவிடம் எத்தனையோ முறை கேட்டுவிட்டேன், "கேட்டுச் சொல்றேன்ப்பா" என்கிறார்.

சைக்கிளையாவது மீட்கலாம் என்று இரும்புக் கடைக்குப் போனேன். அதை அறுத்து லாரியில் ஏற்றி நாளாகிவிட்டது. மழையில் கிடந்த குவியலில் அந்த நசுங்கிய செயின் கவர் மட்டும் இருந்தது. முழுக்கத் துரு. பெடல் கட்டை உரசும் இடத்தில் மட்டும் ஓர் அங்குலத்துக்கு, அன்று காலைதான் உரசியது போல வெள்ளையாகப் பளபளத்தது. இப்போது என் மேஜைக்கு மேலே மாட்டியிருக்கிறேன். எண்ணெய் போடுவதில்லை, துடைப்பதில்லை. மற்ற இடமெல்லாம் துரு உதிர்கிறது, அந்த ஓர் அங்குலம் இன்று வரை மங்கவில்லை.

கடைக்காரர் அதைத் தராசில் போட்டுப் பார்த்துத்தான் கொடுத்தார். நான் எழுதிய அந்த ஒரு வரிக்கு இதுவரை நான் கொடுத்திருப்பது அவ்வளவுதான். நாற்பது ரூபாய்.