மூக்கில் மாலை கட்டிய கார்

போன வாரம் திருப்பதியில் ஒரு சிக்னலில் நின்றிருந்தேன். பக்கத்தில் ஒரு புதுக் கார் வந்து நின்றது. சீட்டின் பாலித்தீன் உறையைக்கூட இன்னும் கழற்றவில்லை. காரின் மூக்கில் கை பருமனுக்குச் சாமந்தி மாலை, இரண்டு சுற்று, நைலான் நூலால் இறுக்கிக் கட்டியிருந்தது. ஓட்டியவர் முகமெல்லாம் சிரிப்பு. எனக்கோ இறங்கிப் போய் அந்த மாலையை வெட்டிவிடலாமா என்று கை பரபரத்தது. பின்சீட்டிலிருந்து மகள், "ஏம்மா அவங்கள முறைக்கிற?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

ஒன்றுமில்லாமல் ஒருத்தி சாமந்தியை முறைப்பாளா? உங்களுக்குச் சொல்கிறேன்.

அப்போது மகளுக்கு இரண்டரை வயது. நாங்கள் திருப்பதியில்தான் இருந்தோம். என் வேலை சித்தூரில், ஒரு மாம்பழக்கூழ் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில். கணவருக்கு ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் ஷிப்ட். அவரைக் கம்பெனி பஸ் அள்ளிக்கொண்டு போய்விடும். சித்தூரில் இருக்கும் மாமனார் தன்னுடைய பழைய டீசல் காரை எனக்குக் கொடுத்தார். கைக்குழந்தைக்காரி பஸ்ஸில் இடிபட வேண்டாம் என்று அவராக நினைத்துச் செய்தது. அதனால் அவரைத் திட்டவும் முடியாது. இந்தக் கதையில் என் முதல் எரிச்சலே அதுதான்.

சாவியைக் கொடுப்பதற்கு முன் காணிப்பாக்கம் பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூஜை போட்டார். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், கண்ணாடியில் குங்குமம், மூக்கில் மாலை. மாலையை மட்டும் யாரையும் கட்ட விடமாட்டார். கிரில்லுக்குள் விரலை விட்டு நூலை உள்ளே வாங்கி, வெளியே இழுத்து, முடிச்சுமேல் முடிச்சு. "நூலு போட்டு இறுக்கிக் கட்னாதாம்மா நிக்கும். ரோட்ல போய்க்கினு இருக்க சொல்லோ அறுந்து வுழுந்தா நல்லாவா கீது?"

பத்தே நாளில் எஞ்சின் முதல் தடவை சூடானது. திருப்பதிக்குள் நுழையும் நெரிசலில் சூடு காட்டும் முள் மேலே ஏறிற்று. ஏசி நின்றது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் வண்டி முனகியதே தவிர நகரவில்லை. பின்னால் ஒரு ஆட்டோக்காரர் ஹார்னிலேயே பேசினார். ஓரங்கட்டியபோது ஒரு வாசனை வந்தது: கூலன்ட்டின் தித்திப்பும், வெந்த பூவின் நெடியும். திருவிழா முடிந்த மறுநாள் காலை கோயில் பக்கம் போனால் வருமே, அது. அந்த வாசனையை அன்றே நான் யோசித்திருக்க வேண்டும்.

திருப்பதி மெக்கானிக், "ஏமி காது மேடம்," என்றார். ஒன்றும் ஆகாது என்று அர்த்தம். தெர்மோஸ்டாட்டை மாற்றினார். இரண்டு வாரத்தில் மறுபடி ஆனது. சித்தூர் மெக்கானிக் தண்ணீர் பம்ப்பை மாற்றினார். நெடுஞ்சாலையில் எண்பதில் போனால் சூடாவதில்லை, ஊருக்குள் ஊர்ந்தால்தான் சூடாகிறது என்று அவரிடம் மூன்று தடவை சொன்னேன். அவர் என் கையிலிருந்த போனை வாங்கி, லைனில் இருந்த என் கணவரிடம், "லேடீஸ் கிளட்ச்ல கால வச்சுகினே ஓட்டுவாங்க சார், அதான் சூடாவுது," என்றார். நான் எதிரில்தான் நின்றேன். அதைவிட மோசம், நான் அதை நம்பினேன். ஒரு வாரம் இடது காலை மடித்து வைத்துக்கொண்டு, அது கிளட்ச் பக்கம் போகிறதா என்று அதையே கண்காணித்துக்கொண்டு ஓட்டினேன். சாலையைப் பார்த்தேனா என்பது வேறு விஷயம்.

ஒவ்வொரு ரிப்பேர் முடிந்ததும் மாமா என்ன செய்வார் என்று நினைக்கிறீர்கள்? காணிப்பாக்கம் போவார். வண்டிக்குக் கண்பட்டிருக்கிறது என்பது அவர் கணிப்பு. காய்ந்த மாலையைப் பிய்த்துப் போட்டுவிட்டு, முன்னதைவிடப் பெரிய மாலை, முன்னதைவிட இறுக்கமான முடிச்சு.

எங்கள் பரிசோதனைக் கூடத்தில் ஒரு பழக்கம் உண்டு. கூழ் கெட்டுப்போனால் யாரையும் திட்டமாட்டோம். கடைசியாக நன்றாக வந்ததற்கும் இதற்கும் நடுவில் மாறியது என்ன என்று எழுதுவோம். பழமா, தண்ணீரா, மூடியா? புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதே நான்தான். அதே பழக்கத்தில் காருக்கும் ஒரு நோட்டுப் போட்டிருந்தேன். ஒரு மதியம் 'மாறியது என்ன?' என்று எழுதி, அதற்குக் கீழே 'பூஜை' என்று எழுதினேன். எழுதிய கையோடு பயம் பிடித்துக்கொண்டது. சாமி காரியத்தையா குறை சொல்கிறோம், குழந்தையை ஏற்றிக்கொண்டு போகிற வண்டி ஆயிற்றே என்று அடித்துவிட்டேன். ஒரு கோடு போதவில்லை, நான்கு கோடு.

இதற்கிடையில் குழந்தைகள் காப்பகம். ஏழு மணிக்கு மூடுவார்கள். நான் ஏற்கெனவே இரண்டு தடவை தாமதம். நடத்திய அம்மாள் சத்தம் போடுகிறவர் அல்ல. அது இன்னும் கஷ்டம். தங்களுக்கும் வீடு இருக்கிறது என்றும், இன்னொரு தடவை என்றால் அடுத்த மாதம் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் தெலுங்கில் மெதுவாகச் சொன்னார். காத்திருப்பவர்கள் பட்டியல் ஒன்று சுவரில் ஒட்டியிருந்தது. ஊரில் வேறு காப்பகங்கள் எல்லாம் ஆறுக்கே மூடின. அங்கே இடம் போனால் சித்தூர் வேலையும் போனது போலத்தான்.

மூன்றாவது மெக்கானிக் எஞ்சினையே இறக்கிப் பார்க்க வேண்டும், திங்கட்கிழமை விடுங்கள் என்றார். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, திரும்பி வரும் வழியில், சந்திரகிரியில் ஏதோ ஊர்வலம். ஆறே கால் மணிக்கு வண்டி ஊர்ந்தது, முள் ஏறியது, இழுவை போனது. ஓரங்கட்டி பானெட்டைத் திறந்தேன். யாருக்குப் போன் செய்வது? கணவர் ஷிப்டில். மாமா எலுமிச்சம்பழம் கேட்பார்.

நோட்டில் அடித்த வார்த்தை அப்போது நினைவுக்கு வந்தது. அந்த வண்டியில் விசிறி ரேடியேட்டருக்கு முன்னால், கிரில்லை ஒட்டியே இருந்தது. வேகமாகப் போனால் காற்று தானாக மோதும். ஊர்ந்தால் விசிறிதான் கதி. அதுவோ ஒரு சுற்று முக்கி, நின்று, மறுபடி முக்கியது. எஞ்சினை அணைத்தேன். சூடு குறையும்வரை நின்றேன். போன் வெளிச்சத்தை உள்ளே அடித்துப் பார்த்தால், அச்சைச் சுற்றி நைலான் நூல், கட்டைவிரல் பருமன். அதில் கறுத்துப்போன சாமந்தி, துளி ஜிகினா. பின்னால் ரேடியேட்டரின் பாதியை இதழ்கள் அடைத்திருந்தன. மூன்று பூஜையும் அங்கேதான் இருந்தது.

பின்சீட்டில் மகளின் காகிதம் வெட்டும் மொக்கைக் கத்தரி ஒன்று கிடந்தது, மஞ்சள் பிடியில் வாத்துப் படம். அதை வைத்து இழை இழையாக அறுத்தேன். நின்று வேடிக்கை பார்த்த இளநீர்க்காரர், "கோயிலுக்குப் போய்க்கினு வந்தியாம்மா?" என்று விசாரித்தார். நான் அடுத்த இழையைப் பிடித்து அறுத்தேன். வண்டியை எடுத்தபோது விசிறி சீராகச் சுற்றியது. திருப்பதிக்குள் ஊர்ந்தேன், முள் அசையவில்லை.

ஏழு பன்னிரண்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். மகள் ஷூ மாட்டி, பையை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அந்த அம்மாள், கையில் பூட்டு. கோளாறைக் கண்டுபிடித்துவிட்டேன், இனிமேல் ஆகாது என்று கறுத்த கையை நீட்டிச் சொன்னேன். அதையேதான் முதல் இரண்டு தடவையும் சொல்லியிருந்தேன். அவர் நம்ப என்ன காரணம் இருக்கிறது? மாதக் கடைசியில் அந்த இடத்துக்குப் பட்டியலிலிருந்து வேறு குழந்தை வந்தது. அதற்கு அடுத்த வாரம் நான் வேலையை விட்டேன்.

வேலையை விட்ட பிறகு, எடுத்து வைத்திருந்த நூல் பந்தை ஒரு டிபன் டப்பாவில் போட்டு மாமாவிடம் காட்டினேன். இரண்டு நாளாக மனதுக்குள் சண்டை ஒத்திகை பார்த்திருந்தேன். அவர் திறந்து பார்த்தார், கண்ணாடி போட்டு மறுபடி பார்த்தார். டப்பாவை மூடிவிட்டு, "அடுத்த தபா நூலு இல்லாம, டேப்பு போட்டு ஒட்டிடலாம்மா," என்றார். என் வேலையைப் பற்றி அவர் கேட்கவில்லை.

அந்தக் காரை விற்றாயிற்று. காப்பகம் இருந்த வீட்டில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். நான் வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் போகிற ஒரு அலுவலகத்தில் கணினிக்கு முன் உட்கார்ந்திருக்கிறேன். கெட்டுப்போக அங்கே எதுவும் இல்லை. மே மாதத்தில் கூழ் வேகும்போது சட்டையிலெல்லாம் ஏறுகிற அந்த வாசனை, யாரும் எதுவும் கேட்காத ஒன்றரை மணி நேரச் சாலை, எல்லாம் போயிற்று. நோட்டு மட்டும் இருக்கிறது. நான்கு கோட்டுக்கு அடியிலும் அந்த வார்த்தையை நன்றாகவே படிக்க முடிகிறது.

சிக்னலில் அந்தப் புதுக் காரைப் பார்த்துக் கண்ணாடியை இறக்கினேன். எப்படிச் சொல்வது, நல்ல நாளில் அபசகுனமாக எதையாவது சொன்னாள் என்று நினைப்பார்களோ என்று வாக்கியத்தை மாற்றி மாற்றிப் பார்த்தேன். பச்சை விழுந்தது. அடுத்த சிக்னலில் சொல்லிவிடலாம் என்று பின்னாலேயே போனேன். அவர்கள் சித்தூர் சாலையில் திரும்பினார்கள். எனக்கு அந்தச் சாலையில் இப்போது வேலை இல்லை.